இரு கரைக்கும் உரிய வீரர்

விளையாட்டைப் பொழுதுபோக்காகக் கொள்பவன் கனவான். அதனையே ஊதியத்துக்கு ஆடுபவன் கூலியாள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் இங்கிலாந்தின் உயர்குடியினர் விளையாட்டு வீரரை அளந்த அளவுகோல் இதுவே. நேயர்கள் நன்கறிந்த துடுப்பாட்டத்திற்கூட 1962ஆம் ஆண்டு வரை அந்நாட்டில் 'கனவான்கள்' என்றும் 'ஆட்டக்காரர்' என்றும் இரு வகுப்பார் இருந்தனர். ஒரே அணியிற் சேர்ந்து ஆடினும், உடைமாற்றும் அறையும் மைதானத்துக்குள் வரும் வாயிலும் பல இடங்களில் அவர்களுக்கு வெவ்வேறாக இருந்தன. ஊதியம் வாங்குவதனால் ஒருவனுடைய ஆட்டம் இழிவடையுமா? ஊதியம் தந்த ஊருக்கு அவன் கடமைப்பட்ட கூலியாள் மட்டுந்தானா? இவ்வினாக்களுக்கு விடையாக அமைந்த ஒரு வாழ்க்கையே இன்றைய பேச்சின் பொருள். அது றக்பி லீக் என்னும் ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்த கிளைவ் சலிவன் என்பவரின் வாழ்க்கை.

றக்பி என்றதும் இலங்கை நேயரின் மனக்கண்முன் தோன்றுவது, கொழும்பிலும் கண்டியிலும் கல்லூரி மாணவரும் கழகத்தாரும் அணிக்குப் பதினைவராக நின்று ஆடும் ஆட்டம். றக்பி யூனியன் என்பது அதன் பெயர். றக்பி லீக் என்பது அதன் உடன்பிறப்பு. ஆனால், சொத்துப் பிரிவினையிற் பகைத்துப் பிரிந்துபோன உடன்பிறப்பு.

அப்பிரிவினையின் காரணத்தை அறியாமல் சலிவனின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ள முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்தின் அணிகளில் ஆடியவர்களுட் பலர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும், ஆலைத் தொழிலாளரும், துறைமுகத்திற் சுமை தூக்குவோரும் ஆவர். ஆட்டம் நடப்பதோ சனிக்கிழமையில். அதுவோ அவர்களுக்கு வேலை நாள். மைதானத்துக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. அக்கூலியை ஈடுசெய்யும் அளவுக்கேனும் வீரர்களுக்குப் பணம் தர வேண்டும் என வடபுலத்துக் கழகங்கள் கேட்டன. செல்வர் கையில் இருந்த ஆட்சிமன்றம் அதற்கு இணங்கவில்லை. 1895ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 29ஆந் திகதி, ஹடர்ஸ்பீல்ட் நகரில் உள்ள ஜோர்ஜ் ஹொட்டலில் 20க்கும் மேற்பட்ட கழகங்கள் கூடித் தனி அமைப்பொன்றைக் கண்டன. றக்பி லீக்கின் பிறப்பு அதுவே. ஏழைத் தொழிலாளியின் அரை நாட் கூலியே அதற்கு வித்து.

பின்னர் விதிகளும் மாறின. 1906இல் அணிக்குப் பதின்மூவர் என வகுக்கப்பட்டது. மடக்கி வீழ்த்தப்பட்ட வீரன் எழுந்து பந்தைக் காலாற் பின்னே உருட்ட, ஆட்டம் உடனே தொடரும். எதிரணியின் கோட்டுக்கு அப்பாற் பந்தைக் கொண்டுசென்று நிலத்தில் ஊன்றுவதற்கு 'ட்ரை' என்று பெயர். சலிவன் ஆடிய காலத்தில் ஒரு ட்ரைக்கு மூன்று புள்ளிகள். அதைத் தொடர்ந்து பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் மேலும் இரண்டு. இப்புதிய ஆட்டத்தைப் பணம் பெற்று ஆடியவனைப் பழைய ஆட்டத்தார் மீண்டும் சேர்த்துக்கொள்வதில்லை. பழைய ஆட்டத்தினரும் வெளிப்படையாகவே பணம் பெறத் தொடங்கிய 1995ஆம் ஆண்டு வரை அத்தடை நீடித்தது. ஆகவே, ஓர் இளைஞன் லீக் கழகமொன்றின் ஒப்பந்தத்திற் கையெழுத்திடுவது, திரும்பி வரமுடியாத ஓர் ஆற்றைக் கடப்பதற்கு ஒப்பாகும்.

அந்த ஆற்றைக் கடந்தவருட் பலர் வேல்ஸ் நாட்டவர். அங்கே றக்பி யூனியன் மக்களின் உயிர்மூச்சு. ஆயினும் கார்டிப் நகரத்துக் கறுப்பின இளைஞருக்கு அங்கும் ஒரு கதவு மூடியே இருந்தது. கார்டிப் நிலக்கரி ஏற்றுமதியால் வளர்ந்த துறைமுகம். உலகின் பல திசைகளிலிருந்தும் வந்த மாலுமிகள் அதன் கரையோரத்திற் குடியேறி வாழ்ந்தனர். அவர்களுடைய பிள்ளைகள் தெருவிலும் பள்ளியிலும் பந்தாடித் தேர்ந்தபோதிலும், 1980களுக்கு முன்பு கறுப்பினத்தவர் எவரும் வேல்ஸ் தேசிய யூனியன் அணியில் இடம்பெற்றதில்லை. 1934இற் பிறந்த பில்லி பொஸ்ரன் அத்தகைய பிள்ளைகளுள் ஒருவர். 1953இல் வடக்கே விகன் கழகத்திற் சேர்ந்த அவர், அக்கழகத்துக்காக மட்டும் 478 ட்ரைகளைப் பெற்றார். லீக் ஆட்டத்தார் நிறவேற்றுமை அறியாதவர் என்று கூறிவிட முடியாது. 1957இல் அவுஸ்திரேலியாவில் ஆடிவிட்டுத் தென்னாபிரிக்கா வழியே திரும்பிய பிரித்தானிய அணி, அந்நாட்டின் நிறவெறிச் சட்டத்துக்குப் பணிந்து பொஸ்ரனை விட்டுவிட்டே அங்கே ஆடியது. எனினும், திறமைக்கு விலை தரும் சந்தையாக வடபுலம் இருந்தது. அச்சந்தை மற்றைய கதவுகளைவிடச் சற்று அகலத் திறந்திருந்தது.

இப்பின்னணியில், 1943ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி, கார்டிப் நகரின் ஸ்பிளொட் என்னும் பகுதியிற் கிளைவ் சலிவன் பிறந்தார். பிற்காலத்தில் ஓட்டத்துக்கே பெயர்பெற்ற அக்கால்கள் இளமையில் அவருக்குத் துணைசெய்யவில்லை. பாதம், முழங்கால், கால் என்று பலமுறை சத்திரசிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. இப்பிள்ளை பிறர் துணையின்றி நடப்பதே அரிது என்று கருதிய மருத்துவரும் இருந்தனர். அத்தகைய சிறுவன் ஒருவன் ஆட்டத்தையே தொழிலாகக் கொள்வான் என்று யார்தான் எதிர்பார்த்திருப்பர்?

வளர்ந்ததும் அவர் பிரித்தானிய இராணுவத்திற் சேர்ந்தார். அங்கே ஒரு நாள் றக்பி ஆட்டத்துக்கு அவருடைய பெயரைக் குறித்துவிட்டனர். ஆட முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். கால்களின் வரலாறு வெளிப்பட்டால் வேலை போய்விடும். ஆதலால், வேண்டுமென்றே மோசமாக ஆடி, மறுமுறை எவரும் தம்மை அழைக்காதபடி செய்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டு அவர் களத்தில் இறங்கினாராம். ஆனால் பந்து கைக்கு வந்ததும் எண்ணம் மறைந்தது, இயல்பு முந்திக்கொண்டது. எதிரிகளை விலக்கி, மைதானத்தின் நீளம் முழுவதும் ஓடி, அவர் ட்ரை ஒன்றைப் பெற்றுவிட்டார். நடக்க முடியாது என்று கூறப்பட்ட கால்களால் என்ன முடியும் என்பதை, மறைக்க முயன்ற அன்றே அவர் கண்டுகொண்டார்.

பின்னர் அவர் தொழில்முறைக் கழகங்களை நாடிச் சென்றார். பிராட்போட் நோர்தேண் கழகம் அவரைச் சோதித்துப் பார்த்து வேண்டாம் என்று விட்டுவிட்டது. அடுத்து ஹல் கழகம் ஒரு வாய்ப்புத் தந்தது. 1961ஆம் ஆண்டு பிராம்லி அணிக்கு எதிரான ஆட்டத்தில், ஊர் பேர் வெளியிடப்படாத 'திருவாளர் எக்ஸ்' ஆக அவர் களமிறங்கினார். ஒப்பந்தம் ஆகுமுன் ஆளை அடையாளம் காட்டினால், வேறு கழகங்கள் முந்திக்கொள்ளும். யூனியன் ஆட்டக்காரன் எனின் தடைக்கும் உள்ளாவான். ஆகையால் அக்காலத்தில் இத்தகைய மறைப்பு வழக்கத்தில் இருந்தது. பெயரற்ற அந்த இளைஞர் அன்று மூன்று ட்ரைகளைப் பெற்றார். மறுநாளே ஹல் கழகம் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது.

ஒப்பந்தம் ஆனதும் பாதை செம்மையாகிவிடவில்லை. முழங்காலில் மீண்டும் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. 1963 ஒக்டோபரில் உயிருக்கே ஆபத்தான மோட்டார் வண்டி விபத்தொன்று நேர்ந்தது. மூன்று மாதங்களில் அவர் மீண்டும் களத்தில் நின்றார். 1964இன் பெரும்பகுதி சைப்பிரஸ் தீவில் இராணுவக் கடமையிற் கழிந்தது. அக்கடமை முடிந்த பின்னரே ஆட்டத்துக்குத் தம்மை முழுமையாக ஒப்படைக்க அவரால் முடிந்தது. ஊக்கமுடைமை என்று ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், அதனோடு அமையாது, ஆள்வினையுடைமை என மற்றோர் அதிகாரத்தையும் வகுத்தார். மனத்தில் எழும் எழுச்சி வேறு. அதனை நாள்தோறும் செயலாக்கும் உழைப்பு வேறு. சலிவனிடத்து இரண்டும் இருந்தன.

அவர் ஆடிய இடம் அணியின் ஓரம். ஓர ஆட்டக்காரன் பக்கக் கோட்டை ஒட்டி நிற்பான். நீண்டநேரம் பந்து அவனிடம் வாராது. வரும்போதோ ஒரு சில கண நேரமே அவனுக்குக் கிடைக்கும். கோட்டுக்கும் எதிரிக்கும் இடையே ஒடுங்கிய வழியே அவனுக்கு உண்டு. அவ்வழியிற் புகுந்து வெளியேறுவதற்கு வேகம் வேண்டும். வேகத்திலும் மேலாக, எப்போது திசை மாறுவது என்னும் அறிவு வேண்டும். சலிவன் இரண்டும் உடையவர். எதிரணி கோட்டை நெருங்கும்போது, மைதானத்தின் மறுபுறத்திலிருந்து குறுக்கே ஓடிவந்து மடக்குவதிலும் அவர் வல்லவர். ஹல் கழகத்துக்காக 352 ஆட்டங்களில் அவர் பெற்ற ட்ரைகள் 250. 1968இல் டொன்காஸ்ரர் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஏழு ட்ரைகளைப் பெற்றார்.

ஹல் நகரைப் பற்றியும் இவ்விடத்திற் கூறுதல் வேண்டும். இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலே ஹம்பர் முகத்துவாரத்தை ஒட்டியுள்ள இத்துறைமுகத்தை ஹல் என்னும் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. மேற்குப் புறத்தார் ஆழ்கடல் மீன்பிடித் தொழிலோடு பிணைந்தவர். அவர்களுடைய அணி ஹல் கழகம், அதன் நிறம் கறுப்பும் வெள்ளையும். கிழக்குப் புறத்தார் பெருங்கப்பல் துறைகளோடு பிணைந்தவர். அவர்களுடைய அணி ஹல் கிங்ஸ்ரன் றோவர்ஸ், அதன் நிறம் சிவப்பும் வெள்ளையும். இன்ன கரையிற் பிறந்தவன் இன்ன கழகத்தான் என்பது குடும்ப வழக்கு. ஒரே தொழிற்சாலையில் அருகருகே நின்று வேலை செய்வோரும், இவ்விரு அணிகளும் மோதும் நாளில் இரு வேறு மக்களாகி விடுவர். யாழ்ப்பாணத்தில் இரு பெருங்கல்லூரிகள் மோதும் துடுப்பாட்டத்தைக் கண்டவர்க்கு இவ்வுணர்வை விளக்க வேண்டியதில்லை.

1974ஆம் ஆண்டிற் சலிவன் அந்த ஆற்றைக் கடந்தார். கறுப்பு வெள்ளைச் சட்டையைக் கழற்றிச் சிவப்பு வெள்ளைச் சட்டையை அணிந்தார். பதின்மூன்று ஆண்டுகள் ஒரு கரையின் செல்லப்பிள்ளையாக இருந்தவர் மறு கரைக்குப் போவது பெரும் வசைக்கு இடமாகியிருக்கக்கூடும். ஆனால் மேற்குக் கரையார் அவரை வெறுக்கவில்லை. கிழக்குக் கரையார் அவரை ஐயுறவில்லை. றோவர்ஸ் கழகத்துக்காக 213 ஆட்டங்களில் அவர் பெற்ற ட்ரைகள் 118. இரு பகைக் கழகங்களுக்கும் நூற்றுக்கு மேல் ட்ரைகளை ஈட்டித் தந்தவர் அவர். கூலிக்கு ஆடுபவன் விசுவாசம் அற்றவன் என்பார் கூற்றுக்கு இதனைவிடச் சிறந்த மறுமொழி வேறில்லை. வாங்கிய ஊதியத்துக்கு நாணயமாக உழைப்பவனை, அவன் எச்சட்டையை அணிந்திருந்தாலும் உழைக்கும் மக்கள் மதிப்பர்.

அவருடைய வாழ்க்கையின் உச்சம் 1972ஆம் ஆண்டில் வந்தது. ஏற்கெனவே 1968 உலகக் கிண்ணப் போட்டியில் நியூசிலாந்துக்கு எதிராக மூன்று ட்ரைகளைப் பெற்றிருந்த அவர், 1972இற் பிரித்தானிய அணியின் தலைவராக நியமிக்கப்பட்டார். எவ்வகை விளையாட்டாயினும், பிரித்தானியத் தேசிய அணியொன்றுக்குத் தலைமை தாங்கிய முதலாவது கறுப்பினத்தவர் அவரே. இதன் பொருளை உணர ஓர் ஒப்புமை போதும். இங்கிலாந்தின் உதைபந்தாட்ட அணியிற் கறுப்பின வீரர் ஒருவர் முதன்முதல் முழுச் சர்வதேச ஆட்டம் ஆடியது 1978இல். அவ்வணிக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் தலைமை தாங்கியது 1993இல். மற்றவர்கள் அணிக்குள் இடந்தர எண்ணுமுன்னரே, கூலியாட்களின் ஆட்டம் என்று இகழப்பட்ட இவ்வாட்டம் தலைமையையே தந்துவிட்டது.

அவ்வாண்டு உலகக் கிண்ணப் போட்டி பிரான்சில் நடந்தது. பிரித்தானிய அணி முதற் சுற்றில் அவுஸ்திரேலியாவையும் பிரான்சையும் நியூசிலாந்தையும் வென்றது. நவம்பர் 11ஆந் திகதி லியோன் நகரில் இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் அவுஸ்திரேலியா. பார்க்க வந்தவர் சில ஆயிரவரே. முதலில் ஐந்து புள்ளிகளைப் பெற்று அவுஸ்திரேலியா முன்னே சென்றது. அப்பொழுது தம் பக்கத்திற் கிடைத்த பந்தைப் பற்றிக்கொண்டு சலிவன் ஓடத் தொடங்கினார். ஏறத்தாழ 80 யார் தூரம். துரத்தியவர் எவரும் எட்டவில்லை. நடக்க மாட்டா என்று ஒருகாற் கூறப்பட்ட அக்கால்கள் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மைதானத்தையே அளந்தன. அப்போட்டியிற் பிரித்தானியா ஆடிய நான்கு ஆட்டங்களிலும் தலைவர் ட்ரை பெற்றார்.

பின்னர் அவுஸ்திரேலியா மீண்டும் முந்தியது. முடிவுக்குச் சில நிமிடங்களுக்கு முன் மைக் ஸ்டீவன்சன் பெற்ற ட்ரையும், ரெரி குளோசன் உதைத்த உதையும் ஆட்டத்தைப் பத்துக்குப் பத்து எனச் சமப்படுத்தின. மேலதிக நேரத்தில் எவரும் புள்ளி பெறவில்லை. முதற் சுற்றில் முதலிடம் பெற்றமையாற் கிண்ணம் பிரித்தானியாவுக்கு உரியதாயிற்று. உண்மை பேசுவோர் இன்னொன்றையும் கூற வேண்டும். அவுஸ்திரேலிய அணித் தலைவர் கிரகாம் லாங்லண்ட்ஸ் உயர எழுந்த பந்தைப் பாய்ந்து பிடித்துப் பெற்ற அழகிய ட்ரை ஒன்றை நடுவர் செல்லாது என்று தீர்த்தார். அது செல்லும் என்பதற்குப் படச்சுருள் சான்றாக இருந்ததெனப் பின்னர் பலரும் எழுதினர். ஆட்டத்தில் ஊழுக்கும் ஒரு பங்குண்டு. ஆயினும், 80 யார் ஓடிய கால்கள் இல்லையேல் ஊழ் வந்து துணைசெய்ய இடமே இருந்திராது. 1972க்குப் பின்னர் 2022 வரையில் நடந்த எந்த உலகக் கிண்ணத்தையும் பிரித்தானியாவோ இங்கிலாந்தோ வென்றதில்லை.

தொழில்முறை வீரனின் வாழ்க்கை உச்சத்தோடு முடிவதில்லை. உடல் இடந்தரும் வரை உழைக்க வேண்டும். 1980ஆம் ஆண்டு மே மாதம் 3ஆந் திகதி, சலஞ்ச் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தில் ஹல் நகரின் இரு கழகங்களுமே மோதின. ஊர் முழுவதும் இலண்டன் வெம்பிளி மைதானத்துக்குப் புறப்பட்டுப் போக, கடைசியாகச் செல்பவர் விளக்குகளை அணைத்துவிட்டுப் போகவும் என்று வழியோரத்தில் எவரோ எழுதி வைத்தனராம். றோவர்ஸ் 10க்கு 5 என வென்றது; அவ்வணியின் ஓரத்தில், 37 வயதுச் சலிவன் நின்றார். பின்னர் அவர் பழைய ஹல் கழகத்துக்கே திரும்பினார். 1982இல் அதே கிண்ணத்தின் இறுதி ஆட்டம் விட்னெஸ் அணியோடு சமநிலையில் முடிந்து, லீட்ஸ் நகரில் மீண்டும் ஆடப்பட்டது. ஹல் அணிக்கு ஓர் ஓர ஆட்டக்காரர் தேவைப்பட, 39 வயதில் அவர் களமிறங்கினார். அன்று வெற்றியும் கிட்டியது. இருபதாண்டுகளுக்கு முன் பெயரின்றி வந்தவருக்கு முதலிற் சட்டை தந்த கழகம் அது.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1985ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 8ஆந் திகதி, புற்றுநோயாற் சலிவன் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 42 மாத்திரமே. ஆற்றின் இரு கரையும் ஒருங்கே அழுதது. மேற்கேயிருந்து ஹல் நகருக்குள் வரும் பெருந்தெருவுக்கு நகரத்தார் அவருடைய பெயரைச் சூட்டினர். அரசருக்கும் தளபதிக்கும் தரும் சிறப்பை, பந்தோடு ஓடி ஊதியம் பெற்ற ஒருவருக்கு அவ்வூர் தந்தது. இரு கழகங்களும் அவர் பெயராலான கிண்ணமொன்றுக்குப் போட்டியிட்டு வந்துள்ளன. அவருடைய மகன் அந்தனி, தந்தையைப் போலவே ஓர ஆட்டக்காரராகி வேல்ஸ் அணியில் ஆடினார்; யூனியன், லீக் ஆகிய இரண்டிலும் ஆடினார். தந்தையின் காலத்து மதில் மகனுடைய காலத்தில் இடிந்துவிட்டது.

பிறந்த ஊரான கார்டிப் அவரை நினைவுகூரச் சற்றுக் காலம் எடுத்தது. 2023இல் அந்நகரின் துறைமுகப் பகுதியில் பில்லி பொஸ்ரன், கஸ் றிஸ்மன், கிளைவ் சலிவன் ஆகிய மூவருக்கும் சேர்த்துச் சிலை எழுப்பப்பட்டது. மூவரும் அங்கிருந்து வடக்கே போய்ப் புகழ் கண்டவர்கள். 2025இற் பொஸ்ரன் 'சேர்' பட்டம் பெற்றார். றக்பி லீக் வீரர் ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. ஆட்டம் பிறந்து 130 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹல் நகரத்து மீனவரும் சுமைகூலிகளும் தம் வீரரை மதிக்க அத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொள்ளவில்லை என்பது எண்ணத்தக்கது.

ஊதியம் பெறுவதனால் ஒரு தொழில் இழிவதில்லை. ஊதியத்தளவே உழைப்பு என்று எண்ணும்போதுதான் அது இழிகிறது. ஓர் ஏழைக்கும், கறுப்பினத்தவனுக்கும், கால் நலிந்த ஒருவனுக்கும் ஊதியமே கதவைத் திறந்துவிட்டது. அவ்வழியே புகுந்த சலிவன், பெற்றதற்கு மேலாகவே திருப்பித் தந்தார். அந்தக் கணக்கை நன்கு அறிந்தமையாலேயே ஹல் நகரத்தார் தம் பெருந்தெருவுக்கு அவருடைய பெயரை வைத்தனர்.